போர்டு பார்த்து ஏறுங்கள்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகளுக்கு ‘போர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்து ஐந்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார்கள். அகராதியைத் திறந்தால் பலகை, வாரியம், சாப்பாடு, கப்பலில் ஏறுவது என்று நீண்டுகொண்டே போகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்கிற ஒழுங்குகூட இல்லாத பாஷையை எதற்குத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறோம்? தமிழில் இந்தக் குழப்பம் உண்டா? போன இதழில் நீங்களே ‘எலெக்ட்ரிசிட்டி போர்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். மின்வாரியம் என்று எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா சார்?
– பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: சுளுக்காது. அந்தக் கடைசிக் குட்டை வாங்கிக்கொள்கிறேன், அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், தமிழில் இந்தக் குழப்பம் உண்டா என்று கேட்டீர்களே, அது. பஸ் படியில் நின்றபடி பரீட்சைக்குப் படித்துக்கொண்டு போகிறான் பையன். ஒரு படி அரிசி போதுமா என்று பார்க்கிறார் அம்மா. பஞ்சப்படி ஏறியதா என்று பேப்பரைப் புரட்டுகிறார் அப்பா. எல்லாம் ஒரே வீடு, ஒரே ‘படி’. யாராவது குழம்பினார்களா? நம் நிகண்டுகளில் ‘ஒருசொல் பல்பொருட் பெயர்த் தொகுதி’ என்று இதற்கென்றே தனிப் பகுதி வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தைத் திட்ட வேறு காரணம் தேடுங்கள். ஸ்பெல்லிங் இருக்கிறது. அதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

இனி போர்டு. பழைய ஆங்கிலத்தில் அது அறுத்த மரப்பலகை. அந்தப் பலகையைக் கால்கள் மேல் தூக்கிப் போட்டால் சாப்பாட்டு மேசை. அப்புறம் மேசைமேல் வைக்கிற சாப்பாட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் என்ன அதிசயம்? கல்யாண வீட்டில் ‘இலை போட்டாச்சு’ என்று குரல் வந்தால் நாம் வாழையிலையின் அழகைப் பார்க்கவா ஓடுகிறோம்?

இந்தச் சாப்பாட்டுப் பொருள் தெரியாமல் நான் பட்டது ஒன்று உண்டு. வேலை தேடிச் சென்னைக்கு வந்த புதிது. மண்ணடிப் பக்கம் ஒரு விடுதி வாசலில் ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருந்தது. போர்டிங் என்றால் தங்குவது, லாட்ஜிங் என்றால் அதற்குமேல் ஏதோ தண்டச் செலவு என்பது என் கணக்கு. கல்லாவில் இருந்தவரிடம், ‘போர்டிங் மட்டும் போதும் சார், லாட்ஜிங் வேணாம்’ என்றேன். அவர் ஒரு டோக்கனைக் கிழித்துக் கொடுத்து, ‘கை கழுவிட்டு உள்ள போய் உக்காருப்பா’ என்றார். தகரப் பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி படுக்கத்தான் இடமில்லை.

சாப்பிட்ட மேசையிலேயே கூட்டம் போட்டுப் பேசினார்கள். 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கும் போர்டு என்று பெயர் வந்துவிட்டது. கம்பெனியின் போர்டு, பரீட்சை நடத்தும் போர்டு, நீங்கள் என்னைக் குட்டிய எலெக்ட்ரிசிட்டி போர்டு எல்லாம் இந்த வகை. பலகை எப்படிச் சபையாகும் என்று கேட்கத் தமிழனுக்கு வாயே கிடையாது. மதுரையில் சங்கப் பலகை என்று ஒன்றை வைத்துப் புலவர்களுக்கு இடம் கொடுத்ததாகக் கதை சொல்லி வளர்ந்தவர்கள் நாம். உங்கள் வீட்டுக் கப்போர்டுகூட ஒரு காலத்தில் கோப்பைகளை அடுக்கிவைத்த திறந்த பலகைதான். கதவு பின்னால் வந்தது.

ஏறுவது எங்கிருந்து வந்தது? இங்கேதான் மகளின் வீட்டுப்பாடத்தில் சிக்கல். பழைய ஆங்கிலத்தில் இதே ஒலியில் இன்னொரு சொல் இருந்தது. அதற்குக் கப்பலின் பக்கவாட்டு, விளிம்பு என்று பொருள். இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எதிரிக் கப்பலின் பக்கத்தில் அணைத்துப் போய், விளிம்பைத் தாண்டிக் குதிப்பதுதான் முதலில் ‘போர்டு’ செய்வது. இன்று மீனம்பாக்கத்தில் போர்டிங் பாஸைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிற சாதுவான மனிதர்களுக்கு இந்தக் கடற்கொள்ளைப் பூர்வீகம் தெரியாது.

அந்தக் காலத்துக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலது பக்கம் இருந்ததால் அந்தப் பக்கம் ஸ்டார்போர்டு, அதாவது ‘ஸ்டியர்’ செய்கிற விளிம்பு. இடது பக்கத்தை லார்போர்டு என்றார்கள். புயலில் கத்தினால் இரண்டும் ஒரே மாதிரிக் கேட்கும். எந்தப் பக்கம் திருப்புவது? 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை, இனி இடது பக்கத்தை ‘போர்ட்’ (துறைமுகத்தைச் சொல்கிற அதே சொல்) என்றே சொல்லுங்கள் என்று உத்தரவு போட்டது. ஒரு சொல் நிஜமாகவே குழப்பினால் புழங்குகிறவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? (போட், போர்ட், போர்டு மூன்றும் ராயபுரத்தில் ஒரே மூச்சில் காதில் விழும். அங்கே யாரும் கடற்படைக்கு மனுப் போடவில்லை.)

காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஃபைபர் படகின் பின்பக்கம் வெளியே மாட்டியிருப்பது அவுட்போர்டு என்ஜின். இந்த போர்டு விளிம்பு. பக்கத்தில் நிற்கிற இழுவைமடிப் படகில், வலையின் வாய் மூடிக்கொள்ளாமல் தண்ணீருக்குள் விரித்துப் பிடிக்க இரண்டு கனமான பலகைகள் கட்டுவார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஆட்டர் போர்டு. இந்த போர்டு பலகை. இரண்டு போர்டும் ஒரே துறைமுகத்தில் பல வருஷமாகச் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

விளிம்பு என்றதும் இன்னொன்று. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவையை விரித்துப் போட்டு, ‘பார்டர் இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுங்க’ என்கிறோமே, அந்த பார்டர் இந்த போர்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. பிரெஞ்சு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. அதே வழியில் வந்த இன்னொரு உறவுக்காரச் சொல்லும் இருக்கிறது. அதன் தொழில் சரியில்லை, குடும்பப் பத்திரிகையில் வேண்டாம்.

சரி, அகராதியை மூடிவிட்டு உங்கள் தெருவுக்கு வருவோம். பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பெண்கள் தூரத்தில் பஸ் வரும்போதே கேட்பது என்ன? ‘ஒயிட் போர்டா பாரு.’ சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு வெள்ளைப் பலகை மாட்டியதால் வந்த பெயர். 2021 மே மாதம் அந்த பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனது. அன்றிலிருந்து ஒயிட் போர்டு என்றால் இலவசம். முகப்பில் பிங்க் பெயின்ட் அடித்த பிறகும் அது ஒயிட் போர்டுதான். ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் எப்படி முளைக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்டு வரை போய்ப் பார்க்க வேண்டியதில்லை, உங்கள் டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் நின்றாலே போதும்.

கேரம் இன்னும் ருசி. வட சென்னையில் கேரம் இல்லாத சந்து குறைவு. தலைக்குமேல் தாழத் தொங்கவிட்ட பல்பு, அதன் கீழே போரிக் பவுடர் தூவிய பலகை, நாலு பக்கமும் வேடிக்கை பார்க்கிற தலைகள். ஒருவன் ஸ்ட்ரைக்கரை வைத்து, விரலை ஒருமுறை உதறிக்கொண்டு சுண்டுகிறான். சிவப்பு விழுகிறது, ஃபாலோவும் விழுகிறது. ‘இந்த போர்டு உனுதுப்பா’ என்கிறான் எதிராளி. அவன் பலகையையா தூக்கிக் கொடுத்துவிட்டான்? கேரத்தில் ஒரு சுற்று ஆட்டத்துக்குப் பெயர் போர்டு. முதலில் 25 பாயின்ட் எடுப்பவருக்கு கேம், இல்லையென்றால் எட்டு போர்டு முடிய வேண்டும் என்பது விதி. பலகைமேல் நடக்கிற ஆட்டத்துக்கே பலகையின் பெயர். சோற்றுக்கு வந்த மாதிரியேதான். அந்தப் பையன்களைக் கூப்பிட்டு, ‘போர்டுக்கு எத்தனை அர்த்தம்?’ என்று கேட்டால் ஒன்றுதான் என்பார்கள். அப்புறம் ஃபுட்போர்டு அடித்து வீட்டுக்குப் போவார்கள்.

மகளின் ஐந்து வாக்கியம் இந்நேரம் தேறியிருக்கும். தேறாவிட்டால் கேரம் வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். டீச்சர் தப்பு போட்டால் எனக்கு எழுதுங்கள்.

இனி குட்டு. வாரியம் என்று எழுதியிருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எலெக்ட்ரிசிட்டி போர்டு கேட்பதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொல் அது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று இருக்கிறது. கி.பி. 919, 921. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பலகை, மேசை, சாப்பாடு என்று சுற்றி வராமல் நேராக வேலைக்கு வந்த சொல். அதை வைத்துக்கொண்டு நான் போர்டு என்று எழுதியது சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

ஆனால் 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. வீட்டுவசதி வாரியம் தனி. இரண்டும் முழுக்கத் தமிழ்ப் பெயர்கள். வட சென்னையில் எது கட்டிய வீடானாலும் ‘ஹவுசிங் போர்டு’. உங்கள் கவரைத் திருப்பிப் பார்த்தேன். அனுப்புநர் முகவரியில், அழகான தமிழ்க் கையெழுத்தில், நீங்களும் ஹவுசிங் போர்டு என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இந்த இதழின் பிரதி ஒன்றை அதே முகவரிக்கு அனுப்பியிருக்கிறோம்.