நியூரோஎண்டோக்ரைன் கட்டி என்றால் என்ன? அதன் தன்மையை நோயியல் மருத்துவர் எப்படி அறிகிறார்?

ஹார்மோன் சுரக்கும் செல்கள் கணையம், குடல், நுரையீரல் எனப் பல இடங்களில் உள்ளன. அவற்றிலிருந்து உருவாகும் கட்டிகளே நியூரோஎண்டோக்ரைன் கட்டிகள். கணையத்தில் அதிகம் காணப்படும் புற்றுநோய் வேறு. அது செரிமான நீர்க் குழாய்களோடு தொடர்புடையது, பெரும்பாலும் வேகமாகப் பரவும்.

ம்யூனிக் நோயியல் மருத்துவர் சீக்ஃபிரீட் ஓபர்ன்டார்ஃபர் 1907இல் சிறுகுடலில் இத்தகைய கட்டிகளை விவரித்து, தீங்கற்றவை என்றார். மேலும் பலரின் திசுக்களை ஆராய்ந்தபின், 1929இல் இவை பரவவும் கூடும் என்று தம் முடிவைத் தாமே திருத்தினார். அவருடைய ஆய்வு வாழ்க்கையில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். 1933இல் நாஜி ஆட்சி அவரது பதவியைப் பறித்தது. இஸ்தான்புல் சென்று பணியைத் தொடர்ந்தார்.

இவை தீங்கற்றவை என்று அவர் முதலில் நினைத்ததற்குக் காரணம் உண்டு. நுண்ணோக்கியில் இந்தச் செல்கள் ஒரே சீராக, சாதுவாகத் தெரியும். எனவே இன்று தோற்றத்தோடு வேகத்தையும் அளக்கிறார்கள். பிளவுபட முனையும் செல்களில் மட்டும் இருக்கும் கேஐ-67 என்ற புரதத்துக்குச் சாயமேற்றி எண்ணுகிறார்கள். எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது என்று புகையைப் பார்த்து எண்ணுவது போல. செரிமான மண்டலக் கட்டிகளில் சாயமேறிய செல்கள் 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் தரம் 1. 20 வரை தரம் 2. அதற்கு மேல் தரம் 3.

‘தரம் 1 என்றால் புற்றுநோயே இல்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். தரம் காட்டுவது வளரும் வேகத்தை மட்டுமே, மெதுவாக வளரும் கட்டியும் கல்லீரலுக்குப் பரவியிருக்கலாம்.