பூதம் அடித்தால் மோதிரம் மின்னலாமா?

கேள்வி: ஐயா, இணைய விளையாட்டு ஒன்றில் எலும்புக்கூடுகளை எழுப்பிப் படை நடத்தும் மந்திரவாதியாக ஆடுகிறேன். ‘ஒவ்வோர் அடிக்கும் 10 சதவீத வாய்ப்பில் மின்னல் பாயும்’ என்ற மோதிரம் பல வார முயற்சிக்குப் பிறகு கிடைத்தது. ஆனால் என் ஆறு எலும்புக்கூடுகளும் விடாமல் அடித்தாலும் மின்னல் பாய்வதில்லை. நானே கோலை எடுத்து அடித்தால்தான் பாய்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். ஏவியவன் நான் என்றால், அந்த அடியும் என் அடிதானே?
— கோவில்பட்டி வாசகர்

பதில்: நல்ல பழமொழியைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். ஆனால் அம்பு ஒரு முறை பாய்ந்து ஓய்ந்துவிடும். உங்கள் எலும்புக்கூடோ நீங்கள் எழுப்பிய பிறகு தானாக நடக்கிறது, தானாக எதிரியைத் தேடுகிறது, நீங்கள் வேறு திசையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அடிக்கிறது. விதி எழுதுபவர்களுக்குத் தலைவலி தருவது இந்த வேறுபாடுதான்.

குறிப்பிட்ட வாய்ப்பில் தானாகக் கிளம்பும் இத்தகைய விளைவை ஆடுபவர்கள் ‘ப்ராக்’ என்பார்கள். உங்கள் படைக்கு அதை ஏன் மறுக்கிறார்கள் என்பதை எண்களாலேயே பார்த்துவிடலாம். உங்கள் கோல் நொடிக்கு ஒரு முறை 500 புள்ளி அடிக்கிறது என்றும், ஆறு எலும்புக்கூடுகளும் ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு முறை 50 புள்ளி அடிக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் நொடிக்கு 800. உங்கள் நண்பர் ஒருவர் வாள்வீரராக, எந்தப் படையும் இல்லாமல், நொடிக்கு ஒரே வீச்சில் அதே 800 புள்ளி அடிக்கிறார். இருவர் விரலிலும் ஒரே மோதிரம். மின்னலின் வலிமை 200 புள்ளி. பத்தில் ஒரு முறை பாய்வதால் அடி ஒன்றுக்குச் சராசரியாக 20 புள்ளி கூடும். நண்பருக்கு நொடிக்கு 20 கூடுகிறது. அது அவருடைய 800-இல் 2.5 சதவீதம். உங்கள் படையும் மின்னலைக் கிளப்பலாம் என்று விட்டால், நொடிக்கு ஏழு அடிகள் என்பதால் உங்களுக்கு 140 கூடும், அதாவது 17.5 சதவீதம். ஒரே மோதிரம் உங்கள் விரலில் ஏழு மடங்கு மதிப்புப் பெற்றுவிடுகிறது. அடுத்த வாரமே எல்லாரும் எலும்புக்கூடு எழுப்பக் கிளம்பிவிடுவார்கள், வாள்வீரர்கள் வேலையற்றுப் போவார்கள்.

இதனால் உங்கள் மனக்குறையில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இப்போதுள்ள விதிப்படி மோதிரத்தால் உங்களுக்குக் கூடுவதும் நொடிக்கு 20 என்பதால், இந்த ஒரு மோதிரத்தில் உங்களுக்கும் நண்பருக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் மின்னலின் வலிமை நிலையான 200 என்று இல்லாமல், ‘அந்த அடியின் வலிமையில் 40 சதவீதம்’ என்று எழுதப்பட்டிருந்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அப்போது நண்பருக்கு நொடிக்குச் சராசரியாக 32 புள்ளி கூடும். உங்கள் கோலுக்கு 20, உங்கள் படைக்கு மொத்தமாக 12, ஆக உங்களுக்கும் அதே 32. படைக்கு அனுமதி மறுத்தால் உங்களுக்கு 20 மட்டுமே மிஞ்சும். மறுப்புதான் அங்கே அநீதி. எனவே ஏவல் உயிர்கள் அணிகலனின் பலனைக் கிளப்பலாமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, அந்தப் பலன் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். அடியின் அளவோடு ஏறி இறங்கும் பலன் என்றால் தாராளமாகக் கிளப்பட்டும். அடி சிறிதோ பெரிதோ ஒரே அளவில் கொட்டும் பலன் என்றால் கூடாது.

பல விளையாட்டுகள் இந்தச் சிக்கலையே சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போய்விட்டன. 2004 நவம்பரில் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில், வேட்டைக்காரர் எவ்வளவு உயர்ந்த கவசம் பூண்டாலும் அவருடைய துணை விலங்குக்கு அதனால் தொடக்கத்தில் பயன் இல்லை. பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்தின் காலத்தில், உரிமையாளரின் தொலைதூரத் தாக்கு வலிமையில் 22 சதவீதமும், உடல் உறுதியில் 30 சதவீதமும், கவசத்தில் 35 சதவீதமும் விலங்குக்குப் போய்ச் சேரும்படி செய்தார்கள். ப்ராக்கைப் பகிர்ந்து கொடுக்காமல் அடிப்படை வலிமையைப் பகிர்ந்து கொடுத்த ஏற்பாடு இது. திடீர்ப் பாய்ச்சல் இல்லை, ஆனால் ஒவ்வொரு புதிய அணிகலனும் விலங்கையும் கொஞ்சம் உயர்த்தியது. அதே விளையாட்டில் பிளாக்விங் லேர் என்னும் குகையில் கிடைத்த ‘தி பிளாக் புக்’ என்ற பொருள், வார்லாக் என்னும் மந்திரவாதி ஏவும் பூதத்துடைய அடியையும் கவசத்தையும் 30 நொடிக்கு இரட்டிப்பாக்கியது. ஏவலுக்கு என்றே பெயர் சொல்லி எழுதிய பலன் அது. உங்கள் விளையாட்டில் அப்படிப்பட்ட பொருள் ஏதேனும் இருந்தால், மோதிரத்தை வாள்வீர நண்பருக்குக் கொடுத்துவிட்டு அதைத் தேடுவதே புத்திசாலித்தனம்.

கேள்வி: ஒரு முறை பலன் கிளம்பியதும் அடுத்த 45 நொடிக்குக் கிளம்பக் கூடாது என்று உள்ளே ஒரு கூல்டவுன் வைத்துவிட்டால், பெட் (ஏவல் உயிர்) அடித்தால் என்ன, நாம் அடித்தால் என்ன? இவ்வளவு விவாதம் எதற்கு?
— ஈரோடு வாசகர்

பதில்: பெரும்பகுதி சரி. 10 சதவீத வாய்ப்பில் கிளம்பி 10 நொடி நீடிக்கும் பலன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனியாக நொடிக்கு ஒரு முறை அடிப்பவர் கூல்டவுன் முடிந்தபின் சராசரியாக 10 நொடி காத்திருக்க வேண்டும். எனவே 55 நொடிக்கு 10 நொடி, அதாவது ஏறத்தாழ 18 சதவீத நேரம் பலன் இருக்கும். ஆறு ஏவல்களோடு ஏழு அடி அடிப்பவருக்குக் காத்திருப்பு ஒன்றரை நொடிக்கும் குறைவு. அவருக்குப் பலன் இருக்கும் நேரம் 21.5 சதவீதம். ஏழு மடங்கு என்று பயமுறுத்திய வேறுபாடு மூன்று நான்கு சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் கூல்டவுனை எண்ணும் கடிகாரம் ஒன்றே ஒன்றாக, உரிமையாளர் பெயரில் இருக்க வேண்டும். ஒவ்வோர் எலும்புக்கூட்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் கொடுத்தால் பழைய கதைதான்.

இதைவிட நுட்பமான வழியும் உண்டு. மிஸ்ட்ஸ் ஆஃப் பண்டாரியா விரிவாக்கத்தின் காலத்தில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பரவலாகக் கையாளத் தொடங்கிய முறையில், நிமிடத்துக்கு இத்தனை முறை என்று முதலில் தீர்மானித்துவிட்டு, கடைசி அடியிலிருந்து எத்தனை நேரம் கழிந்தது என்பதைப் பொறுத்து ஒவ்வோர் அடியின் வாய்ப்பையும் கணக்கிடுகிறார்கள். நிமிடத்துக்கு இரண்டு முறை என்றால், நொடிக்கு ஒரு முறை அடிப்பவருக்கு அடி ஒன்றுக்கு 3.3 சதவீத வாய்ப்பு. நொடிக்கு ஏழு முறை அடித்தால் அடி ஒன்றுக்கு அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். யார் எத்தனை கைகளால் அடித்தாலும் நிமிடக் கணக்கு மாறுவதில்லை. ஏவல் வைத்து ஆடுபவருக்கும் மற்றவருக்கும் இடையே இதைவிட ஒழுங்கான சமாதானத்தை நான் பார்த்ததில்லை. 2012-இல் வந்த டயாப்லோ 3 வேறு விதமாக, ஒவ்வொரு திறனுக்கும் ஓர் எடையைக் கொடுத்து, வேகமாக அடிக்கும் திறன்களின் எடையைக் குறைத்து வைத்தது. அதுவும் வேலை செய்தது. ஆனால் அந்த எடை என்ன என்பது திரையில் தெரியாமல் ஆடுபவர்கள் பட்டியல் போட்டுக்கொண்டு அலைய வேண்டியிருந்தது.

கடிகாரம் தீர்க்காத ஒன்றும் இருக்கிறது. கிளம்பிய பலன் யாருக்கு? சிட்டி ஆஃப் ஹீரோஸ் விளையாட்டில் 2005-இல் மாஸ்டர்மைண்ட் என்னும் வகை வந்தது. அடியாட்களை அழைத்துச் சண்டையிட வைப்பதே அதன் தொழில். அழைக்கும் சக்தியில் பொருத்திய மேம்பாடுகள் அடியாட்களின் தாக்குதலில் வேலை செய்தன. ஆனால் சோர்வு தீர்க்கும் ப்ராக் கிளம்பியபோது, சோர்வு தீர்ந்தது அடியாளுக்கே தவிரத் தலைவனுக்கு அல்ல. அடிப்பவன் பெறுகிறான் என்ற விதியில் தர்க்கம் உண்டு என்றாலும், உயிர் உறிஞ்சும் வாளைத் தேடிப் பிடித்துவிட்டு, அந்த உயிர் தன் துணை ஓநாய்க்குப் போவதைப் பார்த்தபடி தரையில் விழும் வேட்டைக்காரருக்கு அது ஆறுதலாக இருக்காது.

கேள்வி: ஏவல் உயிரே அணிகலனைப் பூண்டுகொள்ளும் விளையாட்டு உண்டா?
— மதுரை வாசகர்

பதில்: உண்டு, எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 2000-இல் வெளிவந்த டயாப்லோ 2-இல் இருக்கிறது. அதில் நெக்ரோமேன்சர் என்னும் மந்திரவாதி தரையில் கிடக்கும் உலோகப் பொருள் ஒன்றின் மீது மந்திரம் செலுத்தினால், அந்தப் பொருள் கரைந்து இரும்புக் கோலெம் என்னும் பூதமாக எழும். பொருளில் இருந்த மந்திரக் குணங்கள் பூதத்தின் குணங்களாகிவிடும். பிற்காலத்தில் ‘இன்சைட்’ என்ற ரூன் சொல் (மந்திர எழுத்துகளின் கோவை) பொறித்த ஆயுதத்தைப் பூதமாக்கி, அதிலிருந்து வீசும் தியான ஒளியால் குழுவினர் எல்லாருடைய மந்திர ஆற்றலையும் நிரப்பிக்கொள்ளும் வழக்கம் பரவியது. பூதம் அழிந்தால் பொருளும் போயிற்று. பலன் வேண்டுமென்றால் இழக்கத் துணிய வேண்டும் என்ற பேரம் அங்கே வெளிப்படையாக இருக்கிறது.

2013-இல் வந்த பாத் ஆஃப் எக்ஸைல் இன்னொரு பேரத்தைப் பேசியது. அதில் ஏவல்களின் அடி உங்கள் அடியாகக் கருதப்படாது என்பது பொதுவிதி. ஆனால் நெக்ரோமேன்டிக் ஏஜிஸ் என்ற கிளையைத் தேர்ந்தெடுத்தால், உங்கள் கேடயத்தின் பலன்கள் அனைத்தும் ஏவல்களுக்குப் போகும், உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கோவில்பட்டி வாசகர் இதைக் கவனிக்க வேண்டும்: இருவரும் சேர்ந்து அனுபவிப்பது என்ற வழி அங்கே திறக்கப்படவே இல்லை.

கேள்வி: நான் தேநீர் குடிக்க எழுந்து போனாலும் என் பெட் சண்டையிட்டுக்கொண்டே இருக்கிறது. அப்போதும் அது என் கியர் (அணிகலன், ஆயுதம்) பலனைக் கிளப்பலாமா?
— காரைக்குடி வாசகர்

பதில்: கூடாது. கடைசிப் பத்து நொடிக்குள் உரிமையாளர் ஏதேனும் செய்திருந்தால்தான் கிளம்பும் என்ற ஒரு வரி விதியே போதும்.

கேள்வி: என் விளையாட்டின் விளக்கக் குறிப்பில் பெட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பலன் கிளம்புகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: பயிற்சிப் பொம்மை ஒன்றின் முன் நின்று, உங்கள் கையைக் கட்டிக்கொண்டு, பெட்டை மட்டும் அடிக்க விடுங்கள், சண்டைப் பதிவில் அடிகளை எண்ணுங்கள். 10 சதவீத வாய்ப்புள்ள பலன் ஐம்பது அடிகளில் ஒரு முறைகூடக் கிளம்பாமல் இருப்பது தற்செயலாக நேர, ஏறத்தாழ 194-இல் ஒரு வாய்ப்பு உண்டு. இத்தனை பேர் ஆடும் விளையாட்டில் அது யாருக்காவது நேரும். நூறு அடிகள் வரை பொறுத்தால் அந்த வாய்ப்பு 37,000-இல் ஒன்றுக்கும் கீழே போய்விடும். அதற்கு முன், மின்னல் தரக்கூடிய வேறு பொருள் எதுவும் உடலில் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். மேலே சொன்ன பத்து நொடி விதி போன்ற ஏதேனும் உங்கள் விளையாட்டில் இருக்கலாம் என்பதால், கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றும், இடையிடையே வெற்று மந்திரம் ஒன்றைச் செலுத்தியபடி இன்னொரு சுற்றும் எண்ணுவது நல்லது.