மாமியாரின் பிரஷர் மாத்திரை வேண்டாம்

சகோதரி, கர்ப்பத்தின் 31ஆம் வாரத்தில் இரண்டு முறை பார்த்தும் ரத்த அழுத்தம் 146/94, விரல் வீங்கி மோதிரம் கழலவில்லை, மாமியார் தம் எனலாப்ரில் மாத்திரையில் பாதியைத் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடவே தொடாதீர்கள். அந்த வகை மருந்து குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கென்று லேபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா இருக்கின்றன. மருத்துவர் எழுதித் தரட்டும்.

ஊறுகாய் தின்றதால் வந்த வினை என்று நொந்துகொள்ளவும் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறிச் சிறுநீரில் புரதமும் இறங்கினால் அது முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்லாம்ப்சியா). அதன் வேர் பெரும்பாலும் நஞ்சுக்கொடியில். அதற்குப் போதிய ரத்தம் கிடைக்காதபோது அது வெளிவிடும் பொருட்கள் தாயின் ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. உப்பில்லாக் கஞ்சிக்கு அது இறங்காது (நானும் குடித்தவள்தான்).

அடுத்த மாதாந்திரப் பரிசோதனை வரை காத்திராமல் இன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சிறுநீர்ப் புரதம், பிளேட்லெட், கல்லீரல் பரிசோதனைகளைக் கேளுங்கள். விடாத தலைவலி, கண்ணில் மின்னல், வலது விலாவுக்குக் கீழே வலி, அல்லது 160/110 என்றால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள். வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி அங்கேதான் போட முடியும்.