பதில்: டார்க்கெஸ்ட் டன்ஜனில் நால்வரும் செத்துப்போகிறார்கள்

நண்பரே, நான்கு வீரர்களை நிலவறைக்குள் அனுப்பிச் சண்டையிட வைக்கும் டார்க்கெஸ்ட் டன்ஜன் கணினி கேமை ஓசூரில் ஷிப்ட் முடித்து வந்து ஆடினால் இரண்டாவது பயணத்திலேயே நால்வரும் சாகிறார்கள், கேமை அழித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நானும் இங்கே பாலக்கோட்டில் இதே இடத்தில்தான் வாரக்கணக்கில் தவித்தேன்.

எதிரிகளின் முன்வரிசையை முடித்துவிட்டுத்தான் பின்னால் இருப்பவர்களிடம் போவேன் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் சிக்கல். எதிரிகளில் பின்னால் நின்று மந்திரம் ஓதுகிறவள்தான் மன அழுத்தம் ஏற்றி உங்கள் ஆட்களை உடைக்கிறாள். மன அழுத்தம் 100 தொட்டால் ஆள் பெரும்பாலும் நிலைகுலைந்து சொன்ன பேச்சைக் கேட்கமாட்டான். 200 தொட்டால் மாரடைப்பு. அதனால் உங்கள் வீரர்களில் ஹைவேமேனின் துப்பாக்கி, பிளேக் டாக்டரின் விஷக்குண்டு இரண்டையும் முதல் சுற்றிலேயே பின்வரிசை மேல் போடுங்கள். முன்னால் நிற்கும் எலும்புக்கூடு காத்திருக்கட்டும்.

தீப்பந்தம் வாங்கக் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிச்சம் குறையக் குறைய அழுத்தம் ஏறும். வழியை அடைக்கும் இடிபாடுகளை அகற்ற மண்வெட்டியும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பின்வாங்கப் பழகுங்கள். பாதியில் திரும்பினால் அழுத்தம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் எடுத்த பொருள் கையில் இருக்கும், ஆட்களும் உயிரோடு இருப்பார்கள். எனக்கு ஆட்டம் பிடிபட்டதே அதற்குப் பிறகுதான்.

உங்கள் நால்வர் யார், எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.