310 எங்கே, 215 எங்கே, வித்தியாசம் வெறும் 0.6 நொடியா?

வணக்கம். இரண்டும் மின்சார கார்கள்: மஹிந்திரா எக்ஸ்யூவி400-க்கு 310 நியூட்டன் மீட்டர் டார்க் (மோட்டாரின் சுழற்று விசை), டாடா நெக்ஸான் இவி லாங் ரேஞ்சுக்கு 215 தான். ஆனாலும் நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகம் எட்டும் 0-100 ஓட்டம் 8.3, 8.9 நொடி என்று ஏன் ஒட்டி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டார்க் முழுதாக வேலை செய்வது கிளம்பும்போதுதான். மோட்டார் சுழற்சி ஏற ஏற டார்க் இறங்கும், அப்புறம் பவர்தான் பேசும். கணக்குப் போட்டால் எக்ஸ்யூவி400-இன் 310 சுமார் 3,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுழற்சி) வரைதான் தாங்கும், நெக்ஸானின் 215 சுமார் 4,700 வரை. அதற்கு மேல் பவரில் எக்ஸ்யூவியின் 150 பிஎஸ்ஸுக்கும் (குதிரைத்திறன்) நெக்ஸானின் 145 பிஎஸ்ஸுக்கும்தான் போட்டி. அங்கே பெரிய வித்தியாசம் ஏது? போதாததற்கு இரண்டுமே முன்சக்கர இழுவை. ஈரச் சாலையில் 310-ஐயும் ஒரேயடியாக இறக்கினால் டயர் வழுக்கும், சக்கரம் வழுக்காமல் பவரைக் குறைக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் பிடித்து இழுக்கும்.

தொப்பூர் கணவாயில் லாரிகளைத் தாண்ட வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் 0-100-ஐ விடுங்கள், 60-100 தான் உங்களுக்கு முக்கியம். டெஸ்ட் டிரைவில் நெக்ஸானை ஸ்போர்ட் மோடிலும் எக்ஸ்யூவியை ஃபியர்லெஸ் மோடிலும் போடுங்கள். இரண்டிலும் சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும், ஆள் கணக்கும் ஒன்றாக இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் போனில் ஜிபிஎஸ் வேகத்தைப் பதிவு செய்யட்டும். வண்டி மீட்டர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும்.

எனக்கென்றால் சிக்னலில் சீறுவதற்கு எக்ஸ்யூவி. கணவாய்க்கு இரண்டில் எது வந்தாலும் சரி.