மேடிசன் ஃபெலோஷிப்பும் 1787-ஆம் ஆண்டுக் குறிப்புகளும்: ஆசிரியர்களுக்குக் கேள்வி பதில்

8-ஆம் வகுப்பு ஆசிரியை, ஒஹையோ: அமெரிக்க அரசியலமைப்பு பற்றி ஆசிரியர்கள் முதுகலை படிக்க உதவும் ஜேம்ஸ் மேடிசன் ஃபெலோஷிப்பில் சேர வேலையை விட வேண்டுமா?

வேண்டாம். பணியில் இருப்பவர்கள் பகுதி நேரமாக 5 ஆண்டுக்குள் முடிக்கலாம். 7 முதல் 12 வரையான வகுப்புகளில் அமெரிக்க வரலாறு, குடிமையியல் நடத்துவோருக்கு அதிகபட்சம் 24,000 டாலர் கிடைக்கும். படிப்பில் குறைந்தது 12 செமஸ்டர் கிரெடிட் அரசியலமைப்பு பற்றியதாக இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். கல்வியியல் முதுகலையில் பெரும்பாலும் அவ்வளவு தேறாது. சேரும் முன்பே பாடப் பட்டியலை வைத்து எண்ணிப் பாருங்கள். உதவி பெற்ற ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஓராண்டு பாடம் நடத்தியாக வேண்டும். தவறினால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

கிரீன் கார்டு போதுமா?

போதாது. குடியுரிமை வேண்டும்.

1787-இல் அமெரிக்க அரசியலமைப்பை வகுத்த மாநாட்டில் கலந்துகொண்ட மேடிசன் எழுதிய குறிப்புகளை மூன்று முறை ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். எப்படிப் படிப்பது?

மே 25-இல் தொடங்கி வரிசையாகப் போனால் யாரும் விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதை மட்டும் துரத்துங்கள். நாடாளுமன்றத்தில் மாநிலங்களுக்கு எத்தனை இடம் என்பதை எடுத்தால், மே 29 வர்ஜீனியா திட்டம் (மக்கள்தொகைப்படி இடம்), ஜூன் 15 நியூஜெர்சி திட்டம் (எல்லா மாநிலத்துக்கும் சம இடம்), பிறகு இரண்டையும் இணைத்த சமரசத்தின் மீது ஜூலை 16 வாக்கெடுப்பு. 5 மாநிலம் ஆதரவு, 4 எதிர்ப்பு, மாசசூசெட்ஸ் இரண்டாகப் பிரிந்து நின்றது. கூட்டினால் 10தான் வருகிறது. 13 மாநிலத்தில் மீதி 3 எங்கே என்று வகுப்பில் கேளுங்கள்: ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை, நியூயார்க்கின் மூன்று பிரதிநிதிகளில் இருவர் கிளம்பிப் போனதால் வாக்கு இல்லை, நியூஹாம்ப்ஷயர் இன்னும் வந்து சேரவில்லை.

ஒரு எச்சரிக்கை. மேடிசன் பல ஆண்டு கழித்தும் குறிப்புகளைத் திருத்தினார். அவை அச்சானது 1840-இல், அவர் இறந்து 4 ஆண்டுக்குப் பின். வரலாற்றாசிரியர் ஃபாரண்ட் 1911-இல் வெளியிட்ட மாநாட்டு ஆவணத் தொகுப்பில் மற்றவர்களின் குறிப்புகளும் நாள்வாரியாக அதே இடத்தில் இருக்கும். ஒப்பிட்டே படியுங்கள். நியூயார்க் பிரதிநிதி யேட்ஸின் குறிப்பு மட்டும் ஜூலை முதல் வாரத்தோடு நின்றுவிடும்.

"கறுப்பினத்தவர் ஐந்தில் மூன்று மனிதர்" என்றே மாணவர்கள் எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

அந்தப் பின்னம், மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்று கணக்கிடும்போது அடிமைகளை எண்ணிய விதம்தான். கணக்கைப் பலகையில் போடுங்கள். ஒரு மாநிலத்தில் அடிமைகள் 50,000 பேர். ஐந்தில் மூன்று என்றால் 30,000. அரசியலமைப்பின் முதல் பிரிவின்படி ஒரு பிரதிநிதிக்குக் குறைந்தது 30,000 பேர். ஆக, வாக்கே இல்லாதவர்களின் பெயரால் எஜமானர்களுக்கு ஒரு கூடுதல் இடம் வரை கிடைக்கலாம். அடிமைகளை முழுதாக எண்ணச் சொல்லி வாதாடியதே தென்கரோலினாவும் ஜார்ஜியாவும்தான் என்று தெரிந்ததும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். சுதந்திரமாக இருந்த கறுப்பினத்தவர் முழுதாகவே எண்ணப்பட்டார்கள். மூலத்தில் "அடிமை" என்ற சொல்லைத் தேடச் சொல்லுங்கள். 1787 உரையில் கிடைக்காது, "மற்ற நபர்கள்" என்றுதான் இருக்கும்.

45 நிமிடத்தில் முடியும் ஒரு பயிற்சி?

அரசியலமைப்பு முகவுரையின் இரண்டு வரைவுகள். ஆகஸ்ட் 6 வரைவில் 13 மாநிலங்களின் பெயரும் வரிசையாக இருக்கும். செப்டம்பர் 12 வரைவில் ஒன்றுகூட இல்லை. காரணத்தை அவர்களே கண்டுபிடிக்கட்டும். சிக்கினால் 7-ஆம் பிரிவைக் காட்டுங்கள்: அரசியலமைப்பு நடைமுறைக்கு வர 9 மாநிலம் ஒப்புக்கொண்டாலே போதும். எந்த 9 என்று அன்று யாருக்குத் தெரியும்?