பழைய ஓவன் ஆஸிலேட்டர்: சரிசெய்யலாமா, மாற்றிவிடலாமா?

உங்கள் பழைய ஃப்ரீக்வன்சி கவுன்டரில் (சிக்னலின் அதிர்வெண்ணை அளக்கும் கருவி) இருக்கும் ஹெச்பி 10811 ஆஸிலேட்டர் 10 மெகாஹெர்ட்ஸில் நிற்கவில்லை, வேறு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். இந்த ஆஸிலேட்டர், ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலைச் சின்ன ஓவனுக்குள் ஒரே சூட்டில் வைத்து நிலையான ஃப்ரீக்வன்சி தரும் பாகம். முதலில் ஓவன் சூடாகிறதா பாருங்கள்: பவர் கொடுத்ததும் ஹீட்டர் நிறைய கரன்ட் இழுத்து, கொஞ்ச நேரத்தில் குறைந்து ஒரே அளவில் நிற்க வேண்டும். இழுக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் தெர்மல் ஃபியூஸ்தான் (சூடு எல்லை மீறினால் அறுந்து ஹீட்டரை நிறுத்தும் பாதுகாப்பு) போயிருக்கும். வருடக்கணக்காகச் சூட்டிலேயே கிடப்பதால் வேறு எந்தப் பழுதும் இல்லாமலே அது அறுந்துவிடும், இந்த மாடலில் ரொம்பச் சாதாரணம். புதியதைச் சால்டர் செய்யும்போது ஃபியூஸை ஒட்டி அதன் காலை மூக்குக் குறடால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே அதுவும் போய்விடும் (சிரிக்காதீர்கள், நடக்கும்). ஃபியூஸுக்குப் பதில் வயர் போட்டு நேராக இணைக்கவே கூடாது, சூட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோல் சர்க்யூட் கெட்டால் எல்லாம் வெந்துவிடும்.

சரி, ஓவன் நன்றாக இருந்தும் ஃப்ரீக்வன்சி நகர்ந்திருந்தால்? அது கிரிஸ்டலின் வயசு. இரண்டு மூன்று நாள் அணைக்காமல் ஓடவிட்டு, ஜிபிஎஸ் ரெஃபரன்ஸோடு (செயற்கைக்கோள் சிக்னலை வைத்துத் துல்லியமான ஃப்ரீக்வன்சி தரும் கருவி) ஒப்பிட்டு, ஃப்ரீக்வன்சியைச் சரிசெய்யும் ட்ரிம்மர் திருகை மெல்லத் திருப்புங்கள். திருகு எல்லை வரை போயும் 10 மெகாஹெர்ட்ஸ் வரவில்லை, அல்லது ஃப்ரீக்வன்சி திடீர் திடீரெனக் குதிக்கிறது என்றால்தான் மாற்றுங்கள். அப்புறம், நீண்ட நாள் அணைந்து கிடந்த செகண்ட் ஹேண்ட் வாங்கினால் அது நிலைக்கச் சில வாரங்கள்கூட ஆகலாம், முதல் நாளே திட்டாதீர்கள்.